எஃகுத்தோளன் எறிந்தது

படம் முடிந்து எல்லோரும் ஆடிக்கொண்டே வெளியே போன பிறகும் தியேட்டரின் நடு வரிசையில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். பெருக்க வந்தவர் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு, "அவ்ளோ பிடிச்சிடுச்சா?" என்று கேட்டார்.

"ரொம்ப," என்றாள் அவள். "எழுந்திருக்கவே முடியல."

அது சத்தியமான உண்மை. அவளுடைய ஊன்றுகோல்கள் இரண்டும் திரைக்குக் கீழே எங்கேயோ கிடந்தன.

அவளை எல்லோரும் கூப்பிடுவது ரிப்பேர் என்றுதான். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டதும் அவளேதான். மற்றவர்கள் பெயர் வைத்தால் எந்த லட்சணத்தில் வைப்பார்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துகொண்டதால், கொஞ்சம் முந்திக்கொண்டாள். குழந்தையிலிருந்து ஊன்றுகோலில் நடப்பவள். அதனால் கால்கள் குச்சி மாதிரியும் தோள்கள் கதவு மாதிரியும் ஆகிவிட்டன. எந்த ரவிக்கைக்கு அளவெடுத்தாலும் தையற்காரர் டேப்பை இரண்டு தரம் பார்ப்பார்.

எஃகுத்தோளனின் முதல் பாகம் வந்தபோது அந்தத் தோள்களுக்கு விமோசனம் கிடைத்தது. ஊன்றுகோலில் நடக்கும் ஒரு மின்வாரிய ஊழியன். வாழ்நாளெல்லாம் உடம்பைத் தூக்கிச் சுமந்ததில் தோளில் வந்து இறங்கிய வலிமை. கோலை ஊன்றி ஒரு எம்பு எம்பினால் அடுத்த மாடி. அவள் தியேட்டரில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதாள். மறுநாள் தையற்காரரிடம் போய், "தோளை மறைக்கிற மாதிரி தைக்க வேணாம், காட்டுற மாதிரி தைங்க," என்றாள். தம்பியை விட்டு ஊன்றுகோல்களுக்கு எஃகுத்தோளனின் நீலமும் வெள்ளியும் பூசச் சொன்னாள். ரசிகர் மன்றத்தில் சேர்ந்தாள். தம்பி அவளுக்கு முன்னாலேயே சேர்ந்து, மன்றத்தின் வீடியோக்களையெல்லாம் வெட்டி ஒட்டுகிற பொறுப்பில் இருந்தான்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் காட்சிக்கு எல்லோரும் பிளாஸ்டிக் குழாயில் ஊன்றுகோல் செய்து, நீலமும் வெள்ளியும் அடித்துக்கொண்டு வருவார்கள். கேமராவைத் திரைப் பக்கமாக வைத்து, படத்தை அல்ல, பார்ப்பவர்களின் முகத்தைப் படம் பிடிப்பார்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் தனியாக இன்னொரு வழக்கமும் உண்டு. சின்ன வயதிலிருந்தே தியேட்டரில் அவளுடைய ஊன்றுகோல்கள் அவன் மடியில்தான் இருக்கும். தரையில் வைத்தால் போகிறவர் வருகிறவர் காலில் தடுக்கும். அவள் மடியில் வைத்தால் தின்பண்டம் வைக்க இடமிருக்காது.

இரண்டாம் பாகத்தின் முதல் காட்சியில் தம்பியின் மடியில் நாலு கோல்கள் இருந்தன. இரண்டு அவளுடையவை, இரண்டு குழாய். நாலுக்கும் ஒரே டப்பாவிலிருந்து பெயிண்ட் அடித்தவன் அவன்தான்.

படம் முடியப்போகிற நேரத்தில் ஒரு விஞ்ஞானி வந்து எஃகுத்தோளனின் முதுகில் ஏதோ பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சினார். ரிப்பேர் அப்போதே பாத்ரூம் போயிருக்க வேண்டும். பெரிய கப்பில் சோடா குடித்திருந்தாள். ஆனாலும் தன் ஆள் என்ன செய்கிறான் பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் எழுந்தான். கால்கள் நேராயின. ஊன்றுகோல்களைக் கேமராவைப் பார்த்து வீசி எறிந்தான். "இப்பத்தான் நான் முழு மனுஷன்," என்றான்.

தியேட்டர் இரண்டாகப் பிளந்தது. விசில், காகிதம், ஆட்டம். நூற்றுக்கணக்கான குழாய்கள் திரையை நோக்கிப் பறந்தன. தம்பியும் எழுந்து குதித்து, கைக்கு வந்ததை எறிந்தான். விழுந்த இடத்தில் மற்றதெல்லாம் டொப் டொப்பென்று விழ, இரண்டு மட்டும் கணீரென்று விழுந்தன.

அவள் இரண்டு கைகளையும் நீட்டிக் கத்தினாள். யார் காதில் விழும்? தம்பி அதற்குள் மன்றத்துக் கும்பலோடு ஆடிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டான். அவன் திரும்பி வர, பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்து, விளக்கு எரிந்து, பெருக்குகிறவர் வரவேண்டியிருந்தது. மூச்சிரைக்க ஓடி வந்தவன் திரையடியில் தேடி எடுத்துக் கொடுத்தான். ஒன்றில் அடி ரப்பர் இல்லை. அவள் வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். அந்தப் பயணத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

மறுநாள் கடையில் ஒரு வாடிக்கையாளரின் போனுக்கு ஸ்பீக்கர் மாற்றிக் கொடுத்தாள். சத்தம் வருகிறதா என்று பார்க்க அவர் ஒரு வீடியோவை ஓட்டினார். வயலின் அழுதது. மெதுவாக நகரும் படத்தில் அகலத் தோள்காரி ஒருத்தி கண்ணீர் வழிய இரு கைகளையும் திரையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். கீழே எழுத்து: 'எஃகுத்தோளன் எழுந்தான். எங்கள் அக்காவும் ஒருநாள் எழுவாள்.'

"இது நீங்கதானே?" என்றார் வாடிக்கையாளர். அவர் கண் கலங்கியிருந்தது. "ஊரே பாக்குதும்மா. நல்லா ஆயிடும். கவலைப்படாதீங்க."

"ஸ்பீக்கர் நல்லா வேலை செய்யுது," என்றாள் ரிப்பேர்.

அவர் போன பிறகு கருத்துகளைப் படித்தாள். 'பாத்ததும் அழுதுட்டேன்.' 'இதுக்குத்தான்யா சினிமா.' 'கால் இருந்தும் சோம்பேறியா இருக்கோம், வெக்கமா இருக்கு.' 'அக்காவுக்கு அந்தப் பச்சை லைட் அடிங்கப்பா.' யாரோ ஒருவர் மட்டும், 'ஹீரோவுக்குக் கால் வந்துடுச்சு, வில்லன் மட்டும் ஏன் இன்னும் நொண்டுறான்?' என்று கேட்டிருந்தார். அவரை நாற்பது பேர் சேர்ந்து கும்மியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தாள். தம்பி மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். ரப்பர் போன கோல் தரையில் டக்கென்று விழ, அவன் நிமிர்ந்தான்.

"வீடியோவை எடுத்துடு."

"அக்கா, லட்சக்கணக்குல பாத்திருக்காங்க. படக் கம்பெனியே ஷேர் பண்ணியிருக்கு. அவங்க எடிட்டிங் டீம்ல எனக்கு ஒரு வாய்ப்பு வரும்போல இருக்கு."

"நான் எதுக்குடா கையை நீட்டினேன்?"

அவன் விசைப்பலகையைப் பார்த்தான்.

"சொல்லு. எழுத்து மட்டும் நல்லா போடத் தெரியுதுல்ல. எதுக்கு நீட்டினேன்?"

"ஸ்டிக்குக்கு."

"என்னன்னு கத்தினேன்?"

"அக்கா, விடேன்."

"என்னன்னு கத்தினேன்டா?"

"'டேய் எரும, அது என் ஸ்டிக்குடா, எனக்கு பாத்ரூம் போகணும்டா'ன்னு."

"அதுல வயலின் எங்கேருந்து வந்தது?"

அவன் வாயில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"நீ கோவப்படுறது நியாயம்தான்," என்றான். "ஆனா படத்துல தப்பா ஒண்ணும் சொல்லலையே. அவன் கஷ்டம் தீருது. நல்லதுதானே?"

"அவன் என்னைக்குடா கஷ்டம்னு சொன்னான்? ஸ்டிக்கை ஊனி மாடி மாடியா தாவினான், ஊரையே காப்பாத்தினான். அதெல்லாம் செஞ்சது அரை மனுஷனா? நல்லா ஓடுற போனை எவனாவது கடையில கொண்டுவந்து பிரிக்கச் சொன்னா, வெளிய போய்யான்னு அனுப்புவேன். அந்த விஞ்ஞானிக்கு அந்த அறிவு இல்ல. எழுதினவனுக்கு இல்ல. நாலு வருஷம் நீல பெயிண்டைப் பூசிக்கிட்டுத் திரிஞ்ச உனக்கும் இல்ல."

"கதைதானே அக்கா."

"முதல் பாகமும் கதைதான். அதுக்கு நான் சட்டையையே மாத்தித் தச்சேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கொஞ்சம் இளகியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து மன்றத் தலைவரிடமிருந்து போன் வந்தது. டயர் கடைக்காரர், குரலில் எப்போதும் காற்றடித்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே தியேட்டரில் வெற்றி விழா. ரிப்பேர் மேடைக்கு வரவேண்டும். அந்த வீடியோவைத் திரையில் போடுவார்கள். அதன் பிறகு ஒரு சின்ன வேலை.

"ஒண்ணும் இல்லம்மா, எஃகுத்தோளன் மாதிரி நீயும் ஸ்டிக்கை அப்படியே தூக்கி எறியணும். ஒரே ஷாட். ரெண்டு பக்கமும் பசங்க நிப்பாங்க, விழாம பிடிச்சுப்பாங்க."

தம்பி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்தது.

"வரேன் அண்ணே," என்றாள் ரிப்பேர்.

போனை வைத்துவிட்டுத் தம்பியிடம் சொன்னாள். "நீதானே அங்க கம்ப்யூட்டர்ல உக்காந்து வீடியோ போடப்போற? ஒரிஜினல் சத்தத்தோட போடு. வெட்டாம, முழுசா."

"என்னைத் தூக்கிடுவாங்கக்கா. படக் கம்பெனி ஆளும் வராரு. நான் எறியறது அதுல பளிச்சுன்னு தெரியும்."

"தெரியட்டும். வயலினோட போட்டா நான் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன், அடிக்கமாட்டேன். ஆனா அதுக்கப்புறம் என் ஸ்டிக் உன் மடிக்கு வராது. எந்தப் படத்துக்கும், எந்த பஸ்லயும்."

அவன் அவளைப் பார்த்தான். திட்டினால் தாங்கிக்கொண்டிருப்பான். அவள் திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் நீலமும் வெள்ளியும் நிரம்பி வழிந்தன. மேடைக்குப் படிகள் இருந்தன, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. எஃகுத்தோளனுக்கு இனி அது தேவைப்படாது என்பதால் அகற்றிவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டே ஏறினாள். ரப்பர் இல்லாத கோல் பலகையில் டக், டக்கென்றது. கூட்டம் அந்தச் சத்தத்துக்கே கைதட்டியது.

தலைவர் மைக்கில் காற்றடித்தார். பின்வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த தம்பி தெரிந்தான், முகம் தெரியவில்லை. விளக்கு அணைந்தது.

முதலில் விசில் சத்தம் வந்தது. வயலின் வரவில்லை. திரையில் ஆள் உயரத்துக்குத் தம்பி எழுந்து குதித்தான், எறிந்தான். கணீர். பிறகு அவள் குரல், தியேட்டர் முழுக்க: "டேய் எரும, அது என் ஸ்டிக்குடா, எனக்கு பாத்ரூம் போகணும்டா."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது, நன்றாகத்தான் கத்தியிருக்கிறாள். ஆனால் வீடியோ நிற்கவில்லை. எல்லோரும் அவளைத் தாண்டி ஆடிக்கொண்டு போனார்கள். ஒருவன் அவள் தோளில் தட்டி, கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனான். அவள் ஒவ்வொருவரிடமும் கையை நீட்டினாள், ஒவ்வொருவரிடமும் ஏதோ சொன்னாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். வரிசைகள் காலியாயின. அவள் மட்டும். அது ஓடிக்கொண்டே இருந்தது. சிரிப்பு அங்கங்கே நின்று, கடைசியில் முன்வரிசையில் ஒரே ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவன் அவனை இடித்தான்.

விளக்கு எரிந்தது. "சின்ன டெக்னிக்கல் கோளாறு," என்றார் தலைவர்.

"கோளாறு இல்லண்ணே, அதான் ஒரிஜினல்," என்று ரிப்பேர் மைக்கை வாங்கினாள். பேச நிறைய யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துபோயிருந்தது. "நானும் இந்தப் படத்துக்குத்தான் வந்தேன். உங்களைவிட ஆசையா வந்தேன். நீங்கல்லாம் எறிஞ்சீங்க, வெளிய போய் பைக்கை எடுத்தீங்க, வீட்டுக்குப் போனீங்க. என்னால போக முடியல. அவ்ளோதான் விஷயம்."

"படம் பிடிக்கலன்னா போ," என்றது ஒரு குரல். "எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நல்ல விஷயத்துல ஏன் குறை கண்டுபிடிக்கிற?"

"போறேன் தம்பி. போறதுக்குத்தான் ஸ்டிக் வச்சிருக்கேன்."

தலைவர் குனிந்து காதருகே, "அந்த ஒரு ஷாட்டாவது எடுத்துடலாமேம்மா," என்றார். மனிதர் விடாமுயற்சிக்காரர். அவள் அவர் கையில் இருந்த பெரிய மாலையையும் காலில் இருந்த செருப்பையும் பார்த்தாள். "நீங்க முதல்ல உங்க செருப்பை எறிங்கண்ணே. வெயில்ல வெறுங்காலோட உங்க கடைவரைக்கும் நடந்துட்டு வந்து சொல்லுங்க, நான் எறியறேன்."

இந்தத் தடவை கைதட்டல் குறைவு. வந்ததும் பின்வரிசைகளிலிருந்து. அவள் படியிறங்கினாள். டக். டக். யாரும் அதற்குக் கைதட்டவில்லை.

வாசலை அடைவதற்குள், மடிக்கணினியோடு ஓடி வந்து சேர்ந்துகொண்ட தம்பியின் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தான்.

"குரூப்லேருந்து தூக்கிட்டாங்க."

"தூக்கி எறிஞ்சாங்களா?"

"ம்."

"எப்படி இருக்கு?"

அவன் பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு புது ரப்பரை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிக் கோலின் அடியில் வைத்துப் பார்த்தாள். தொளதொளவென்று ஆடியது.

"இத்தனை வருஷம் மடியில வச்சிருந்திருக்க," என்றாள். "அளவு தெரியாதா?"

"தெரியும்னு நெனச்சேன்."

அவள் ரப்பரைத் திருப்பிக் கொடுத்தாள். பஸ் கிளம்பியது. பழக்கதோஷத்தில் அவன் முட்டிகளைச் சேர்த்து, மடியைத் தட்டிச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினான். ஒரிஜினலைத்தான் போட்டான், அவள் சொன்ன சொல்லின்படி மடி அவனுக்கு உண்டு. ஆனால் காலி வரிசைகளுக்கு நடுவே தான் உட்கார்ந்திருந்ததை அவளும் இன்றைக்குத்தான் வெளியிலிருந்து பார்த்திருந்தாள்.

"இன்னைக்கு வேணாம்டா," என்று சொல்லி, இரண்டையும் தன் மடியிலேயே குறுக்காக வைத்து அணைத்துக்கொண்டாள். "கோவம் இன்னும் முடியல. நாளைக்கு சரியான ரப்பர் வாங்கிட்டு கடைக்கு வா. இந்தத் தடவை அளவெடுத்துட்டுப் போய் வாங்கு."

அவன் அங்கேயே குனிந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து, ஓடும் பஸ்ஸில் அளவெடுக்க ஆரம்பித்தான்.