மைனாக்கள் செத்ததற்கான காரணங்கள்

காலையில் கடை ஷட்டரைத் தூக்கினால் வாசலெல்லாம் மைனா. ஒன்றுக்கும் உயிரில்லை. எங்கள் சலவைக் கடை வாசலிலிருந்து தெருமுனை மரம் வரைக்கும் கால் வைக்க இடமில்லாமல் செத்துக் கிடந்தன. "இதைக் கூட்டி அள்ளுறதும் நம்ம தலையிலதான் விடியணுமா?" என்று நான் போட்ட கத்தலில் பக்கத்து முடிதிருத்தகமே வெளியே வந்துவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

என் பின்னால் வந்த அக்கா கத்தவில்லை. குனிந்து சின்னதாக ஒன்றைக் கையில் எடுத்தாள். இறக்கையை விரித்துப் பார்த்தாள், அலகை முகர்ந்தாள். "ரத்தம் இல்ல, நுரையும் இல்ல. பின்ன ஏன்டி செத்துச்சு?" என்றாள்.

அக்கா தானாக ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ மாதமாகிறது.

அவள் மகள், எங்கள் குட்டி, பள்ளியில் பரீட்சை இருந்த ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, நோய் இல்லை. இதயம் நின்றுவிட்டது, ஏன் என்று சொல்ல முடியவில்லை என்றார் டாக்டர். முந்தின இரவு ஒரு ஹோட்டலின் படுக்கை விரிப்புகளை முடித்துக் கொடுக்க நான் கடையிலேயே தங்கிவிட்டேன். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அக்காவின் புருஷன் எப்போதோ கைகழுவிவிட்டுப் போனவன். குட்டியைப் பெற்றது அக்கா என்றாலும் இடுப்பில் சுமந்து திரிந்தது நான்.

அதற்கு முன்னால் அக்கா இருந்த இருப்பே வேறு. கறை எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதனால் வந்த கறை என்று தெரியாமல் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடமாட்டாள். ரத்தக் கறையில் வெந்நீர் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும், ஆகவே காரணம் தெரிந்தாக வேண்டும் என்பாள். வாடிக்கையாளர்கள் மழுப்புவார்கள். "சும்மா தண்ணிதான்க்கா பட்டுச்சு" என்பார்கள். விடமாட்டாள். "டாக்டர்கிட்டயும் என்கிட்டயும் பொய் சொல்லக்கூடாது" என்று சட்டையை மூக்கருகே வைத்துக்கொண்டு மிரட்டுவாள். குட்டி போன பிறகு யாரிடமும் எதையும் கேட்பதில்லை. வந்ததை வாங்கி அப்படியே துவைத்தாள். நல்ல நல்ல சட்டைகள் பாழாயின. இவ்வளவு வாய் பேசுகிற நான் அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. முடிதிருத்துகிறவர் கையில் கத்தியோடு நிற்க, பாதி சவரத்தில் எழுந்து வந்தவர் ஒரு கன்னத்தில் நுரையோடு நின்றார்.

"எல்லாம் செல்போன் டவரால வர்றது" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு முட்டி வலித்தாலும் டவர்தான்.

"டவர் மேலதான் அதுங்க குடும்பமே நடத்துது, நான் தினமும் பாக்குறேன்" என்றார் எலக்ட்ரீஷியன். "இது வேற கிரகத்துக்காரன் வேலை. சாம்பிளுக்கு நாலு எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கொட்டிட்டுப் போயிட்டான்."

"அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தும் நம்ம தெருவுலதான் குப்பையைக் கொட்டணுமா அவன்?" என்றேன்.

முடிதிருத்துகிறவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முன்னால பறந்த மைனா 'எனக்கு ஷார்ட்கட் தெரியும், எல்லாரும் என் பின்னால வாங்க'ன்னு சொல்லியிருக்கும். நேரா போய் செவுத்துல மோதியிருக்கும். என் மச்சான் வண்டி ஓட்டுற லட்சணம் அப்படியே இதுதான்."

"கண்ணு பட்டுடுச்சு" என்றாள் மாடி வீட்டம்மா. "சாயங்காலமானா அந்த மரத்துல என்ன கும்மாளம், என்ன கூச்சல்! பாக்குறவங்க வயிறு எரியாதா?"

"யாரு கண்ணு? காக்கா கண்ணா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

அக்கா சிரித்தாள். சத்தமாக, பல் தெரியச் சிரித்தாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒருமுறை சிரிக்கவைத்துவிட மாட்டோமா என்று கிறுக்குப் பிடித்தவள்போல் ஏதேதோ சொன்னேன். "காதல் தோல்வியா இருக்கும்" என்றேன்.

"மொத்தத்துக்குமா?" என்றார் தபால்காரர்.

"ஒரே பொண்ணை மொத்தமும் காதலிச்சிருந்தா?"

"அப்போ அந்தப் பொண்ணு எங்கடி? அது மட்டும் தப்பிச்சிடுச்சா?" என்று அக்கா மறுபடி சிரித்தாள். பிறகு பழைய அக்காவாகவே ஒவ்வொருவர் பக்கமும் திரும்பினாள். "யாராவது பூச்சி மருந்து அடிச்சீங்களா? ராத்திரி வெடி வெடிச்சீங்களா? மழுப்பாம சொல்லுங்க." எல்லோரும் தலையை ஆட்டி இல்லை என்றார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குட்டியைக் கிடத்தியிருந்த அன்றைக்கும் இதே வாய்கள் இதையேதான் சொல்லின. தலைமாட்டில் செல்போனை வைத்துத் தூங்கியிருப்பாள் என்றார் தபால்காரர். கண் பட்டுவிட்டது என்றாள் மாடி வீட்டம்மா. ராத்திரியில் தலைக்குக் குளித்திருப்பாள் என்றார் முடிதிருத்துகிறவர். அன்றைக்கு மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னதை இன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அக்காவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நான் ஒரு காரணம் சொல்லட்டா?" என்றாள் அக்கா. சின்ன மைனா அவள் உள்ளங்கையில்தான் இருந்தது. "இது ராத்திரி, 'அம்மா, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கும்மா'ன்னு சொல்லியிருக்கும். அம்மாக்காரி, 'பரீட்சைன்னா மட்டும் உனக்கு எல்லா வலியும் வந்துடுமே, நடிக்காம போய்ப் படுடி'ன்னு சொல்லியிருப்பா. அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டுப் போய்ப் படுத்திருக்கும்."

கன்னத்தில் நுரையோடு இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மைனாவுக்குப் பரீட்சையா! நல்லா இருக்கே!" அவர் தெருவுக்குப் புதுசு. வேறு யாரும் சிரிக்கவில்லை. முடிதிருத்துகிறவர் அவர் தோளைப் பிடித்து மெதுவாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அக்காவைக் கடைக்குள் இழுத்துவந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள்.

"நிஜமாவாக்கா?"

"டாக்டர் கேட்டாருடி. 'முந்தின நாள் ஏதாவது சொன்னாளா, எங்கயாவது வலிக்குதுன்னாளா'ன்னு. இல்லவே இல்லன்னுட்டேன்."

மழுப்புகிறவர்களை ஓட ஓட விரட்டிய என் அக்கா இதைச் சொன்னாள்.

"போன பரீட்சைக்கு வயித்து வலின்னா. அதுக்கு முந்தின பரீட்சைக்குத் தலைவலின்னா. லீவு போட்டா சாயங்காலமே சரியாயிடும், ஆடப் போயிடுவா. இதுவும் அதுதான்னு நினைச்சுட்டேன்டி." பக்கத்து மூட்டையின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். "உடனே கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"தெரியலக்கா."

"ஆளாளுக்குப் பாவம் பாவம்னாங்க. சோறு கொண்டுவந்து ஊட்டிவிட்டாங்க. ஒருத்தர்கூட என்னைத் திட்டல. தெருவையே திட்டுறியே, நீயாவது என்னைத் திட்டுடி. என்னால தாங்க முடியல."

உன்மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அடிப்பாவி! புள்ள நெஞ்சுன்னு சொல்லியிருக்கே, ஒரு நிமிஷம் கையை வச்சுப் பாக்கக்கூடாதா? எனக்கு ஒரு போன் போடக்கூடாதா? முழிச்சிக்கிட்டுத்தானே இருந்தேன், ஓடி வந்திருப்பேனே! அவ எனக்கும் புள்ளதானே!"

நிறுத்த முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். வெளியே தெரு முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டும். அக்கா ஒவ்வொன்றுக்கும் "ஆமா, ஆமாடி" என்று தலையை ஆட்டினாள். குட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், "என் தங்கமே" என்று அலறிக்கொண்டு என்மேல் சரிந்தாள். நான் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டும் திட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் ஊமையாகிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.