பீப்பாய்க்காரனின் வயிற்றுவலி

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு இன்னும் ஆறே நாள். அதற்குள் கல்யாணம் நிச்சயமாகாவிட்டால் ப்ரோன்கா இந்த வருஷமும் கட்டை இழுக்க வேண்டும்.

தவக்காலம் பிறக்கும்வரை வரன் அமையாத பெண்களின் இடுப்பில் மரக்கட்டையைக் கட்டித் தெருத்தெருவாக இழுக்க வைப்பார்கள். ஊரே கூடிச் சிரிக்கும். இரண்டு வருஷம் இழுத்தாயிற்று.

இரண்டுக்கும் காரணம் வலென்டி. பீப்பாய் செய்கிறவன். பெரிய மீசை, சிரிக்காத முகம். தவக்காலத்துக்கு முந்திய வியாழன், ஊர் வயிறு முட்டத் தின்னும் கொழுப்பு வியாழன் வந்தால் தவறாமல் அவள் வீட்டு வாசலில் நிற்பான். பெண் கேட்க வருகிறவன் அந்த வீட்டுப் பொன்ச்கி ஒன்றைத் தின்ற பிறகுதான் பேச்செடுக்கலாம். ரொட்டி மாவுக்குள் உப்புப் பன்றிக்கொழுப்பை வைத்து உருட்டிப் பொரித்த பண்டம். கல் மாதிரி இருக்கும், எறிந்தால் கண் வீங்கும். வலென்டி அதைக் கையில் வைத்து உருட்டுவான், வயிறு சரியில்லை என்பான், போயே விடுவான்.

அவனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் ப்ரோன்கா நினைத்திருந்தாள், போன ஞாயிறு வரை.

அன்று ஒரு ஞானஸ்நான விருந்து. வலென்டியை மட்டும் காணோம். தேடிப் போனாள். கொட்டகைக்குப் பின்னால் நின்று, ரொட்டியை பீரில் ஊறவைத்துக் கூழாக்கி விழுங்கிக்கொண்டிருந்தான். மீசை ஒரு நொடி விலகியது.

முன்பல் நான்கும் இல்லை.

பீப்பாய் வளையம் தெறித்து வாயில் அடித்திருக்க வேண்டும். ப்ரோன்கா பூனை மாதிரித் திரும்பிவிட்டாள். விஷயம் வெளியே தெரிந்தால் ஊரை விட்டே ஓடிவிடுவான். அவ்வளவு ரோஷக்காரன்.

கொழுப்பு வியாழன் காலை, தவக்காலத்தில் தொடக்கூடாத முட்டை, பால், வெண்ணெய் அத்தனையையும் மாவில் கொட்டிப் பிசைந்தாள். கொழுப்புக்குப் பதில் உள்ளே ரோஜா ஜாம். அம்மா டெக்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, இது பொன்ச்கியா, தலகாணியா? வர்றவன் திம்பானா, படுத்துத் தூங்குவானா?"

"தின்னாச் சரி. நீ வாயத் தொறக்காம இரு."

வலென்டி வந்தான். தட்டைப் பார்த்ததும் கை தானாக வயிற்றுக்குப் போனது. ப்ரோன்கா முந்திக்கொண்டாள்.

"மாவு சொதப்பிடுச்சு. கடிச்சுத் தின்னு பழகின ஆளுக்கு இது சப்புனு இருக்கும். வேண்டாம்னா வச்சிடுங்க."

அவன் விரலால் அழுத்தினான். விரல் உள்ளே போனது. உதட்டால் பிய்த்தான். ஜாம் மீசையில் வழிந்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதுக்குக் கை நீண்டபோது ப்ரோன்கா தட்டை இழுத்துக்கொண்டாள்.

"வந்த விஷயத்தச் சொல்லிட்டுத் தின்னுங்க."

வாய் நிறைய மாவு. தலையை ஆட்டினான்.

"ஆட்டினா ஆச்சா? அம்மா காதுல விழணும்ல."

விழுங்கினான். சொன்னான். ப்ரோன்கா தட்டை அப்படியே அவன் மடியில் வைத்தாள்.

அடுத்த வருஷம் அந்த ஊரில் ஒரு வீட்டிலும் பழைய கல் உருண்டை பொரியவில்லை. மாவில் முதன்முதலாக முட்டை உடைத்தது தான்தான் என்று ஒவ்வொரு அம்மாவும் சத்தியம் செய்தாள். எல்லோரையும்விட உரக்கச் சத்தியம் செய்தவள் டெக்லா.