ஜன்னல் மேல் தப்பில்லை

இருபத்திரண்டு வருடம் கூரை ஓடு மாற்றிய நான், ஒரு தடவைகூடக் கூரையிலிருந்து விழுந்ததில்லை. விழுந்தது எங்கள் வீட்டுச் சமையலறை நாற்காலியிலிருந்து, பல்பு மாற்றும்போது. முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு, இரண்டு அறுவை சிகிச்சை, அதன்பிறகு ஆறு வருடமாக விடாத வலி. செர்பியாவில் எங்கள் ஊரான கிரால்யெவோவில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் நலம் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்கள் எந்த நாற்காலி என்று கேட்டு, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மருந்துக்கும் மாத்திரைக்கும் வலி அசையவில்லை. ஆனால் சிகிச்சைக்காகப் போயிருந்த வெந்நீர் ஊற்று விடுதியில் ஒரு பெண் அரை மணி நேரம் என் பாதங்களை அழுத்திவிட்டாள். அன்று ஐந்து மணி நேரம் தூங்கினேன். விழுந்ததிலிருந்து அப்படித் தூங்கியதே இல்லை. இந்த வித்தையைக் கற்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

"யார் காலையும் பிடிக்க மாட்டேன்னு வீராப்பு பேசின ஆளாச்சே," என்றாள் என் மனைவி பொசில்கா. "இப்ப ஊர்ல இருக்கிற கால் அத்தனையும் பிடிக்கப் போறியாக்கும்!"

கேலி செய்தாலும், பயிற்சிக்கு முதலில் கால் நீட்டியவள் அவள்தான்.

பாத சிகிச்சைச் சான்றிதழுக்கான தேர்வு நாள் ஜூலையில் வந்தது. முப்பத்தெட்டு டிகிரி வெயில். தலைநகர் பெல்கிராடிலிருந்து நெவென்கா என்ற அம்மாள் வந்தார். ஒல்லியான, சிரிப்பே தெரியாத தேர்வாளர். அவர் கண்முன்னால் ஒருவருக்கு ஒரு மணி நேரம் பாத சிகிச்சை செய்து காட்ட வேண்டும். தேறினால் நான் மறுபடியும் தொழில் உள்ள மனுஷன். தேறாவிட்டால் நாற்காலியிலிருந்து விழுந்தவன், அவ்வளவுதான். படிவத்தில் 'சிகிச்சை அளிப்பவரின் உடல்நிலை' என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தேன். பச்சைப் பொய். முதுகு பிடித்தவனிடம் எவன் வைத்தியத்துக்கு வருவான்?

அறை காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்றும் படிவத்தில் இருந்தது. கூடத்து ஜன்னலையும் அதற்கு நேர் எதிரே சமையலறை ஜன்னலையும் திறந்து வைத்தேன்.

கால் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த கீழ்வீட்டு திஹோமிர் வாசலிலேயே நின்றுவிட்டான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், முழங்கால் வலிக்காரன்.

"யோவ் ரதிவொயே, என்னைக் கொல்லப் பாக்கிறியா? ரெண்டு ஜன்னலும் தெறந்து கெடக்கு!"

"காத்தோட்டம் வேணும்யா. விதி."

"ஒண்ணு தெறந்தா காத்து. ரெண்டு தெறந்தா கொலை. இதுல சாக்ஸ் வேற கழட்டணுமாம்! எங்க பெரியப்பா ஒரு கல்யாணத்துல ரெண்டு கதவுக்கு நடுவுல உக்காந்தாரு. வாய் கோணிக்கிச்சு. அதுக்கப்புறம் விசிலே அடிக்க முடியல அவரால."

எங்கள் நாட்டில் சிகரெட்டுக்குப் பயமில்லை, சாராயத்துக்குப் பயமில்லை. எதிரெதிர் ஜன்னல் வழியே வீசும் குறுக்குக்காற்று பட்டால் எந்த நோயும் வரும் என்று நம்பிக்கை; அதற்கு மட்டும் வீரன்கூட ஸ்வெட்டரைத் தேடுவான்.

படித்த அம்மாள், இவனுக்குப் புத்தி சொல்லுவார் என்று நெவென்காவைப் பார்த்தேன். அவர் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்காலியை மூலைக்கு நகர்த்தினார். பிறகு இன்னும் மூலைக்கு. கடைசியில் பாதி ஆள் அலமாரிக்குப் பின்னால் இருந்தார். ஜன்னலைச் சாத்தச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. அந்த விதியை எழுதிய குழுவில் அவரும் இருந்தாராம்.

காபித் தட்டோடு வந்த பொசில்கா அலறினாள். "அடப்பாவி மனுஷா! வீட்டுக்கு வந்தவங்களைக் காத்து நடுவுல உக்கார வெச்சிருக்கியே, வெக்கமா இல்ல?" டமார் டமார் என்று இரண்டையும் சாத்தினாள்.

"நான் எதையும் பாக்கல," என்றார் நெவென்கா, படிவத்திலிருந்து தலை நிமிராமல்.

அறை அடுப்பாகிவிட்டது. திஹோமிர் படுத்து, பெரியப்பாவின் மிச்சக் கதையைச் சொல்ல ஆரம்பித்து, பத்தாவது நிமிடத்தில் குறட்டை விட்டான். நான் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து கட்டைவிரலால் குதிகாலிலிருந்து மெல்ல மெல்ல மேலே வந்தேன். நாற்பதாவது நிமிடத்தில் என் முதுகு வேலையைக் காட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். இனி எழுந்து போய் அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் தேர்வு முடிந்தது.

எழ முடியவில்லை.

"தண்ணி?" என்றார் நெவென்கா.

"இதோ வருது," என்றேன். வரவில்லை. முக்கிப் பார்த்தேன். ஸ்டூல்தான் என்னோடு கொஞ்சம் நகர்ந்தது.

விழித்த திஹோமிர் என்னைப் பார்த்து வெற்றியோடு கத்தினான். "சொன்னேன்ல! காத்து பிடிச்சிருச்சு!"

"ஆமாமா, காத்துதான்," என்றாள் எல்லாம் தெரிந்த பொசில்கா. முதுகில் தேய்க்க ராக்கியா சாராயப் பாட்டிலை எடுத்து வந்தவள், ஆமாம் போடு என்று எனக்குக் கண் காட்டினாள்.

"எனக்கும் அப்பவே தோணுச்சு," என்றார் நெவென்கா. "யாருக்கும் வர்றதுதானே. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

மூன்று பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். தலையை ஆட்டினால் போதும். ஆறு வருடமாக அதைத்தானே செய்கிறேன்! மழை வரப்போகுது, ராத்திரி கோணலாப் படுத்துட்டேன், ஒண்ணுமில்ல, சரியாயிடும். எனக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஜன்னல் மேல தப்பில்ல," என்றேன். "இது ஆறு வருஷமா இருக்கு. தெனமும் வரும். நாளைக்கும் வரும். படிவத்துல பொய் எழுதிட்டேன்."

பொசில்கா பாட்டிலைக் கீழே வைத்தாள். நெவென்கா எழுந்து வந்து படிவத்தையும் பேனாவையும் என் மடியில் வைத்தார். "அடிச்சிட்டு உள்ளத எழுதுங்க." 'வலி உண்டு. போகாது' என்று எழுதினேன். எழுதும்போது அழுதுவிட்டேன், மறைக்கத் தோன்றவில்லை.

அவர் வாசித்தார். "வைத்தியம் பாக்கறவருக்கு வலி இருக்கக் கூடாதுன்னு எங்க விதியில இல்ல," என்றார். "பொய் சொல்லக் கூடாதுன்னு இருக்கு." பிறகு திஹோமிர் பக்கம் திரும்பினார். "உங்க கருத்து? அதை எழுதாம நான் முடிக்க முடியாது."

"இருங்கம்மா," என்றான் அவன், ஒரு காலில் சாக்ஸோடு. "யோவ், உனக்கே போகாதுன்னா என் முழங்கால் மட்டும் எப்படிய்யா போகும்?"

"போகாதுய்யா. போகும்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

தொலைந்தது என்று நினைத்தேன். அவன் இன்னொரு சாக்ஸை மெதுவாக மாட்டினான்.

"எனக்கு வைத்தியம் பாத்தவன் எல்லாம் போயிடும் போயிடும்னான்," என்றான். "போகலன்னு சொன்னா என்னை ஒரு மாதிரி பாத்தான். வியாழக்கிழமை நாலு மணி எனக்கு. வேற எவனுக்கும் குடுத்துடாதே."

நெவென்கா அதை ஒரு எழுத்து மாற்றாமல் படிவத்தில் எழுதி, கீழே 'தேர்ச்சி' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார்.