மன்னன் வழி

அந்த வீட்டு முன்னறையில் கல்யாணப் போட்டோவைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் ஒரு நாயின் வம்சப் பட்டியலைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார் நடுவர். நாய்க் கண்காட்சிகளில் கோப்பை யாருக்கு என்று தீர்ப்புச் சொல்கிறவர்; அதனால் எல்லோருக்கும் அவர் நடுவர்தான். பட்டியலில் மன்னன் என்ற பெயர் மட்டும் ஏழு இடத்தில் இருந்தது. சீனி என்கிற பெட்டைக்கு அப்பா வழித் தாத்தாவும் மன்னன், அம்மா வழித் தாத்தாவும் மன்னன். மனுஷர் வீட்டில் இப்படி நடந்தால் காறித் துப்புவார்கள். நாய்க்கு நடந்தால் கோப்பை!

அந்த மன்னன் நான்கு வயதில், ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்து செத்தது. கண் பட்டுவிட்டது என்றார் நடுவர். பிறகு அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக அப்படியே விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் தோட்டத்தில் குழி வெட்டியது அவர் மனைவி. நடுவர் மண்வெட்டியைப் பிடித்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும், பாவம்!

"எல்லாத்துக்கும் இதயத்துல ஒரே கோளாறு. சொந்தத்துக்குள்ளயே சேர்த்துச் சேர்த்து வந்த வினை," என்றார் கால்நடை டாக்டரம்மா. "இந்த வீட்டுல சீனிக்கு மட்டும்தான் இதயம் நல்லாருக்கு. வயசாயிடுச்சு, இதுதான் அதுக்குக் கடைசி ஈத்து. இந்தத் தடவையாவது வெளி ரத்தம் கொண்டு வாங்க."

"டாக்டர், நீங்க ஊசி போடுங்க. வம்சத்தை நான் பாத்துக்கறேன்," என்றார் நடுவர்.

அந்த ஜாதியில் மன்னன் ரத்தம் கலக்காத ஆண் நாய் சுற்றுவட்டாரத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. நடுவரின் சொந்த அண்ணன் வீட்டில். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு கண்காட்சியில் அண்ணன் நாயைக் கடைசி இடத்தில் நிறுத்தினார் தம்பி. அன்றோடு பேச்சு வார்த்தை போச்சு.

சீனி சூட்டுக்கு வந்தபோது நடுவர் தீர்ப்புச் சொல்ல வெளியூர் கிளம்பினார். "பதினொன்னாம் நாளும் பதிமூணாம் நாளும் வல்லரசோட விடு. மறந்துடாத," என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். வல்லரசு மன்னனின் பேரன். மூன்று படி ஏறினால் அதற்கு மூச்சு வாங்கும்.

பதினொன்றாம் நாள் அவள் சீனியை ஆட்டோவில் ஏற்றினாள். வாசலில் தம்பி மனைவியைப் பார்த்ததும் மூத்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் அத்தான் இப்படித் திருட்டுத்தனமா வர்றேன்? இனிமே என்னால குழி வெட்ட முடியாது."

மூத்தவர் கொஞ்ச நேரம் சீனியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு குட்டிகூட வேணாம்மா. அதுங்க உயிரோட இருந்தா போதும்," என்றார்.

ஆறு குட்டிகள். ஒன்றின் மார்பில், மூத்தவர் வீட்டு நாய்க்கு இருப்பதுபோலவே, வெள்ளைத் திட்டு. அவளுக்குப் பகீரென்றது. "மன்னனோட அம்மாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு!" என்று நடுவர் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். இரண்டு வருஷத்தில் ஆறும் குதிரை மாதிரி ஓடின. தோட்டத்தில் ஒரு குழி விழவில்லை. டாக்டரம்மா தன் பழைய ஸ்டெதாஸ்கோப்பை அவளிடமே கொடுத்துவிட்டார். ஆறு நெஞ்சையும் தினமும் கேட்பது அவளுக்கு அப்படியொரு சுகம்.

வெள்ளை மார்புக்காரன் கோப்பை வாங்கிய அன்று நடுவர் மேடையேறினார். "வெளி ரத்தம் வேணும்னு சில பேர் பயமுறுத்துறாங்க. நம்பாதீங்க. இவன் சுத்தமான மன்னன் வழி. எல்லாரும் என்னை மாதிரியே செய்யுங்க!" கூட்டம் கைதட்டியது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்தப் பேச்சைக் கேட்டு இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை குழி!

வீட்டுக்கு வந்ததும் போட்டு உடைத்தாள். "அதுங்களுக்கு அப்பன் வல்லரசு இல்லீங்க. உங்க அண்ணன் வீட்டு நாய்."

அவர் பட்டியலைக் கழற்றி, அதில் எழுதியிருந்த ஆறு குட்டிகளின் பெயரையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தார். மறுவாரமே ஆறுக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்யவைத்து, ஆளுக்கொன்றாகத் தூக்கிக் கொடுத்தார். "இதுங்க நல்லாருக்கே, இதுங்களையா?" என்று டாக்டரம்மா கேட்டுப் பார்த்தார். "கலப்படம்," என்றார் நடுவர். சீனிக்கு இனி ஈத்து இல்லை. அதே வீட்டில் இருந்த சீனியின் தங்கையை வல்லரசோடு தானே நின்று சேர்த்துவிட்டார்.

அதற்குப் பிறந்த ஆறு வாரக் குட்டி ஒன்றை அவள் மடியில் வைத்து ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் உஸ் உஸ்ஸென்று ஓட்டைக் குழாயில் காற்றுப் போகிற சத்தம். அடுத்த குட்டி. அதுவும் அப்படியே.

நடுவர் பேனாவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். "என்ன, எப்படி இருக்கு?"

"அப்படியே மன்னன் மாதிரிங்க," என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. பட்டியலில் எழுதத் தொடங்கினார். அவள் மண்வெட்டி எங்கே கிடக்கிறது என்று பார்க்கத் தோட்டத்துக்குப் போனாள்.