மூன்றாவது கம்பி

வெர்டாவின் விரல் வியர்வை வெண்கலத்தையே தின்னும். கிட்டாரில் சாதாரண வெண்கலக் கம்பி மாட்டினால் மூன்றாம் நாளே பச்சை பூத்துவிடும். ஒரு வாரத்தில் நாதம் செத்து, பலகையைத் தட்டுவது போலக் கேட்கும். பூச்சுப் போட்ட கம்பிகள் கடைக்கு வந்த பிறகுதான் அவள் பிழைத்தாள். மெல்லிய தோல் மாதிரி ஏதோ பூசியிருப்பார்கள், வியர்வை உள்ளே இறங்காது. விலை இரட்டிப்பு என்றாலும் மாதக்கணக்கில் பளபளவென்று இருக்கும்.

அதில் ஒரு வில்லங்கமும் உண்டு. சாதாரணக் கம்பி அறுவதற்கு முன்னால் நிறம் மாறும், சொரசொரக்கும். பூச்சுக் கம்பி கடைசி நிமிடம் வரை புதுசு போலவே இருந்துவிட்டுப் பட்டென்று போய்விடும். அதனால் கிட்டார் போட்டிக்கு முதல் நாள், கம்பி எந்த நிலையில் இருந்தாலும், ஆறையும் மாற்றிவிடுவாள்.

அந்த ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை அதற்கு நேரமில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் இரண்டு பேர் வரவில்லை, காலை ஐந்து மணிக்கே போக வேண்டியிருந்தது. தனக்கும் மகளுக்குமாக இரண்டு பாக்கெட் கம்பியை மேசைமேல் வைத்துவிட்டு, "ஷெல்பியோடதும் என்னோடதும் மாத்தி வெச்சிடுய்யா" என்று கணவனிடம் சொன்னாள்.

"வெச்சிடறேன், நீ போ" என்றான் ஹோபர்ட். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். கோடை விடுமுறை முழுக்க வீட்டோடு இருப்பான். பேஞ்சோ, ஃபிடில் என்று ஊர்க்காரர்களின் வாத்தியமெல்லாம் அவன் கராஜுக்குத்தான் பழுது பார்க்க வரும்.

இந்தத் தடவை வெர்டாவுக்குப் பரிசு முக்கியமில்லை. டாய்ல் ஆக்கர்ஸ் ஊர் ஊராகப் போய் வாசிக்கும் தன் இசைக்குழுவுக்குக் கிட்டார்காரர் தேடிக்கொண்டிருந்தார். பைன் ஸ்பர் மைதானத்துப் போட்டியில் சனிக்கிழமை இறுதிச் சுற்றைக் கேட்டுவிட்டு ஆளைப் பிடிக்கப்போகிறார் என்று மலைப்பக்கமெங்கும் பேச்சு. ஷெல்பி கைக்குழந்தையாக இருந்தபோது இப்படி ஒரு குழு வெர்டாவைக் கூப்பிட்டது. போக முடியவில்லை. இப்போது ஷெல்பிக்கு இருபத்திரண்டு, வெர்டாவுக்கு நாற்பத்தெட்டு.

சனிக்கிழமை காலை மைதானத்தில் தங்கள் லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து சுருதி சேர்த்தபோது அவள் காது எதையோ பிடித்தது.

"மூணாவது மட்டும் கொஞ்சம் மந்தமா இருக்கே ஹோபர்ட்?"

"ராத்திரி மழை பெஞ்சுதில்ல, ஈரக் காத்து. சரியாயிடும்" என்றான் அவன், நாற்காலியை விரித்துக்கொண்டே.

அவளும் குனிந்து பார்த்தாள். ஆறும் ஒரே மாதிரி மின்னின. சரி என்று விட்டுவிட்டாள்.

பகலுக்குள் அவள் பத்துப் பேரில் ஒருத்தியாக இறுதிச் சுற்றுக்கு வந்தாள். ஷெல்பியும் வந்தாள். சும்மா அம்மாவுக்குத் துணையாகப் பேர் கொடுத்தவள் அவள். "நான் தோத்துட்டு வந்து உனக்குக் கை தட்டறேன்மா" என்று சிரித்தாள்.

ஷெல்பிக்குப் பிறகு, கடைசி ஆளாக வெர்டா மேடை ஏறினாள். முதல் பாதி அவள் நினைத்ததைவிட நன்றாகப் போனது. தகரக் கூரைக்குக் கீழே டாய்ல் ஆக்கர்ஸ் காலால் தாளம் போடுவது அவள் கண்ணில் பட்டது. பாட்டு திரும்பி வரும் இடத்தில், வேகமாக இறங்கும்போது, மூன்றாவது கம்பி துப்பாக்கி மாதிரி வெடித்து அறுந்தது. ஒன்றின் இழுப்பு போனதும் மற்ற ஐந்தும் சுருதி விலகின. கம்பி அறுந்தால் மறுபடி வாசிக்க அந்த மைதானத்தில் விதியில்லை. இருக்கிற ஐந்தை வைத்துத் தடவித் தடவி முடித்தாள். சனம் எழுந்து நின்று கை தட்டியது. பாவம் என்று தட்டுகிற தட்டல் அது. அவள் தலை குனிந்தபடி இறங்கினாள்.

மேடைக்கு அருகிலேயே அந்தக் கம்பிக் கம்பெனியின் கூடாரம் இருந்தது. வெர்டா நேரே அங்கே போய் அறுந்த துண்டை மேசைமேல் வீசினாள்.

"மாசக்கணக்கா உழைக்கும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்களே, ஒரு நாள் தாங்கல! நேத்து கட்டினது!"

மேசைக்குப் பின்னால் இருந்த நரைத்த பெண் கோபப்படவில்லை. "குடுங்கம்மா, பாக்குறேன்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு கிட்டாரை வாங்கி மற்ற ஐந்தையும் விரலால் தடவினாள்.

"நேத்து கட்டினது இந்த அஞ்சுதாம்மா. அறுந்தது பழசு."

"என்ன உளறல் இது? ஆறும் மாத்தினது."

"இங்க பாருங்க. அடிப்பக்கம், ஃபிரெட் மெட்டு பட்ட இடத்துல எல்லாம் பூச்சு தேஞ்சு நூல் நூலா நிக்குது. ஒரு நாள்ல இப்படி ஆகாது. ஏழெட்டு மாசம் வாசிச்ச கம்பி. யாரோ நல்லாத் துடைச்சு விட்டிருக்காங்க."

வரிசையில் நின்ற பேஞ்சோக்காரன் ஒருவன், "அவங்க மேல கத்தாம, வீட்டுல யாரு கட்டினாங்கன்னு கேளுங்கக்கா!" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். மேசையில் தனித்தனிக் கம்பிகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. மூன்றாவதுக்கு ஒரு பெட்டியே இருந்தது. வெர்டா அதைப் பார்த்துக்கொண்டே கிட்டாரை வாங்கிக்கொண்டாள்.

ஹோபர்ட் லாரி நிழலில் சோள ரொட்டியைப் பிட்டு அவரைக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"மூணாவது கம்பியை நீ மாத்தலியா?"

அவன் கை பாதியில் நின்றது. "ஷெல்பியோடதை முறுக்குறப்ப அந்தக் கம்பி அடி முடிச்சுலயே அறுந்துடுச்சு. அதான் உன் பாக்கெட்லேர்ந்து எடுத்துப் போட்டேன்."

"அப்ப எனக்கு?"

"பழசு நல்லாத்தான் இருந்துச்சு வெர்டா. துடைச்சதும் புதுசாட்டம் மின்னுச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலையிலயே அங்க ஒண்ணு வாங்கியிருப்பேனேய்யா! கூப்பிடு தூரத்துல கொட்டி வெச்சிருக்கான்!"

"சொன்னா நீ கத்துவ. போட்டி நாளும் அதுவுமா எதுக்குன்னு..."

"காலையில கேட்டேனா இல்லியா?"

"கேட்ட."

"என்ன சொன்ன?"

அவன் தட்டைப் பார்த்தான். "ஈரக் காத்துன்னு சொன்னேன்."

அப்போது ஒலிபெருக்கி முடிவைச் சொல்லத் தொடங்கியது. வெர்டாவுக்கு எட்டாமிடம். முதலிடம் ஷெல்பி. ஹோபர்ட் தன்னையறியாமல் துள்ளி எழுந்து கத்தினான். கத்திவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் அதற்குள் மேடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள், பெண்ணைக் கட்டிக்கொள்ள.

டாய்ல் ஆக்கர்ஸ் அங்கேயே ஷெல்பியைப் பிடித்துவிட்டார். செப்டம்பரில் கிளம்ப முடியுமா என்று கேட்டார். ஷெல்பி யோசிக்கக்கூட இல்லை, சரி என்றாள். அவர் வெர்டாவின் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்குக் காலையில லாரிக்குப் பின்னால நீங்க வாசிச்சதைக் கேட்டேன். கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டேன். கம்பி இப்படிக் காலை வாரிடுச்சேம்மா." நல்ல மனதோடுதான் சொன்னார்.

திரும்பும் வழியில் மூவரும் லாரியின் முன் இருக்கையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், ஷெல்பி நடுவில். மலையிறக்கம் வந்தபோது அவள் கேட்டாள்.

"ஏம்மா, 'கம்பியை மாத்து, கம்பியை மாத்து'ன்னு என் உயிரை வாங்குவ. உன்னோடதை எப்படி மாத்தாம விட்ட?"

வெர்டா பெண்ணின் தலைக்கு மேலாக ஹோபர்டைப் பார்த்தாள். இப்போது சொல்வான் என்று காத்திருந்தாள். ஒரு வளைவு போனது, இன்னொரு வளைவும் போனது. அவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உண்மை தெரிந்தால், தன் கையில் இருந்தது அம்மாவின் கம்பி என்று இந்தப் பெண் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள்.

"மறந்துட்டேன்டி" என்றாள் வெர்டா.

"வயசாயிடுச்சு உனக்கு" என்று ஷெல்பி அவள் தோளில் சாய்ந்தாள்.

செப்டம்பரில் ஷெல்பி போனாள். வீட்டில் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். ஹோபர்ட் ஒருநாள் பத்துப் பாக்கெட் கம்பி வாங்கிவந்து மேசைமேல் வைத்தான். "இதை உன் கராஜுல வெச்சுக்க, எனக்கு வேணாம்" என்றாள் அவள்.

வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், குழுவின் நிகழ்ச்சி வானொலியில் நேரடியாக வந்தது. இருவரும் சமையலறையில் உட்கார்ந்து கேட்டார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே ஷெல்பி கிட்டாரைச் சுருதி சேர்த்தபடி சனத்தோடு பேசினாள்.

"எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க அம்மா. என்னைவிட நல்லா வாசிப்பாங்க. ஆனா பாருங்க, வாழ்க்கையிலேயே முக்கியமான போட்டிக்குக் கம்பி மாத்த மறந்துட்டாங்க! அவங்க மறதிதான் எனக்கு இந்த வேலையை வாங்கிக் குடுத்துச்சு!"

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. ஹோபர்ட் எழுந்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கம்பிக் கதவு அவன் பின்னால் அடித்துக்கொண்டது.

பாட்டு தொடங்கியது. வெர்டா உட்கார்ந்த இடத்திலேயே கடைசி வரை கேட்டாள். பெண் நன்றாகத்தான் வாசித்தாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவசரப்பட்டாள். வெர்டா அப்படி வாசித்திருக்க மாட்டாள்.