தனியாகச் சாப்பிடுகிறவள்

அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சின்னவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவளுடைய அக்காதான். அக்கா அங்கே ஒன்பது வருடமாக இருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்ததால் எல்லோரும் இவளைச் சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். நாற்பது வயது, கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள்; ஆனாலும் சின்னவள்தான்.

உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சுடச்சுட வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று நாலு முனையையும் பிடித்து, ஓங்கி ஒரு உதறு உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரே வாரத்தில் அவளுக்குக் கை பழகிவிட்டது. கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். எதிரில் நிற்கிறவள் சிரித்துச் சிரித்து முனையை நழுவவிடுவாள்.

வினை எல்லாம் பகல் ஒரு மணிக்குத்தான். மணி அடித்ததும் மற்றப் பதினோரு பெண்களும் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்து, நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டப்பாக்களைத் திறந்து நடுவில் வைப்பார்கள். யார் கை யார் டப்பாவில் என்று தெரியாது. சின்னவள் மட்டும் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்க மாடிப்படிக்குப் போய்விடுவாள். அங்கே உட்கார்ந்தால் ஜன்னல் வழியே ஜெனரேட்டர் கொட்டகையின் தகரக்கூரை தெரியும். பார்த்து ரசிக்க அதில் ஒன்றும் இல்லை.

அவளுக்கு யார்மேலும் கோபம் கிடையாது. மனசில் பாரமும் கிடையாது. வாயில் சோறு இருக்கும்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், யார் பேச்சுக்கும் தலையாட்ட வேண்டாம் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. சின்ன வயதிலேயே தட்டை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்த அரை மணி நேரம் போதும், மிச்ச நாள் முழுக்க ஊரோடு ஒத்துப்போய்விடுவாள்.

மேசையின் தலைப்பக்கம் உட்காருகிறவளுக்குப் பட்டாளத்தக்கா என்று பெயர். சலவைக்கூடத்தை ராணுவம் மாதிரி நடத்துகிறாள் என்று யாரோ வைத்த பெயர். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமை. முதல் வாரம் அவள் அன்பாகத்தான் கூப்பிட்டாள்.

"வாம்மா, கூச்சப்படாதே. இங்க எல்லாரும் ஒரே குடும்பம்."

"கூச்சமெல்லாம் இல்லக்கா. எனக்குத் தனியா சாப்பிட்டாத்தான் இறங்கும். நீங்க சாப்பிடுங்க."

இரண்டாவது வாரம் பட்டாளத்தக்காவின் குரலில் அன்பு இல்லை. மூன்றாவது வாரம் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சு வேறு திசையில் போனது. மேலிடத்துக்கு ஏதோ எழுதிப் போடத்தான் மாடிப்படிக்குப் போகிறாள் என்றாள் ஒருத்தி. நம் சாப்பாடு அவளுக்குக் குமட்டுகிறதோ என்னவோ என்றாள் இன்னொருத்தி. குண்டூசி என்று ஒருத்தி இருந்தாள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். அவள் ஒருநாள் படியேறி வந்து சின்னவளின் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ரொட்டியும் முட்டையும்தானா? நான்கூட ஏதோ புதையல் வெச்சிருக்கியோன்னு நெனச்சேன். இதைத் தின்னவா இவ்வளவு பிகு?"

"ஆமா. வேணுமா?"

"உன் எச்சிலை நீயே தின்னு, மகாராணி."

மறுநாள் ஒரு மணிக்கு டப்பாவைக் காணவில்லை. தேடித் தேடிக் கடைசியில் அழுக்குத்துணி மூட்டைக்குள் கிடைத்தது. ரத்தக்கறை படிந்த விரிப்பு ஒன்றில் சுருட்டி வைத்திருந்தார்கள். சின்னவள் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அதற்குள் சாப்பாட்டு வேளை முடிந்திருந்தது. மடிக்கும் மேசையில் ஒருத்தியும் தலை நிமிரவில்லை. அக்காவும்தான்.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் அக்கா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு என்னடி கேடு? போய் அவங்க மேசையில ஓரமா உட்கார்ந்து நாலு வாய் தின்னுட்டு எழுந்து வந்தா உன் உடம்பு தேஞ்சா போயிடும்?"

"நான் யாரை என்ன பண்ணேன்?"

"ஒண்ணுமே பண்ணலை. அதான் அவங்களால தாங்க முடியலை. ஒரு காரணமாவது சொல்லித் தொலையேன். வயித்துப் புண்ணுன்னு சொல்லு. விட்டுடுவாங்க."

"இல்லாத புண்ணை எதுக்குச் சொல்லணும்?"

வீட்டிலும் அதே பாட்டுதான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையிலிருந்து களைத்து வந்த கணவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "நானும்தான் பிடிக்காத நாலு பேரோட டீ குடிக்கிறேன். வேலைன்னா அப்படித்தான்." அவளுக்குப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை என்பதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. பாத்திரம் கழுவப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவளுக்கு எதிரில் வந்து நிற்க ஆள் இல்லை. பன்னிரண்டு பேரும் ஆறு ஜோடியாய் நிற்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர் ஐந்து ஜோடியாய் நின்றார்கள். அவளோடு நிற்க வேண்டியவளைப் பட்டாளத்தக்கா மடித்ததைப் பொட்டலம் கட்ட அனுப்பிவிட்டாள். சின்னவள் தானே இறங்கிவிட்டாள். விரிப்பின் ஒரு பக்கத்தை இரண்டு கிளிப்பால் மேசை விளிம்பில் மாட்டி, மறுபக்கத்தை இழுத்துப் பிடித்து, நடுவை முகவாயால் அழுத்தித் தனியே மடித்தாள். மணிக்கு நூறு மடிக்கிற இடத்தில் நாற்பதுதான் வந்தது. சாயங்காலத்துக்குள் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் இருந்தது.

சூப்பர்வைசர் வந்து அடுக்கைப் பார்த்தார். "என்னம்மா இது, பாதிகூட முடியலை?"

"ஜோடி இல்லை சார்."

"ஏன் இல்லை?" என்று மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் மும்முரமாகத் துணியை உதறினார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அங்கே நிற்கப் பிடிக்காமல், "உங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கோங்க" என்று நழுவிவிட்டார்.

இப்படியே எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் காலையில் எல்லாம் தலைகீழாய் மாறியிருந்தது. பட்டாளத்தக்காவே வந்து எதிரில் நின்று முனையைப் பிடித்தாள். ஒருத்தி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பகலில் அவள் மாடிப்படிக்குக் கிளம்பியபோது, "மெதுவா சாப்பிடும்மா, அவசரமில்லை" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தோள்வலி குறைந்திருந்தது. கிடைத்தவரை லாபம் என்று இருந்துவிட்டாள்.

அதன் மூன்றாம் நாள் குண்டூசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஆபரேஷன் எப்போ?"

"எந்த ஆபரேஷன்?"

"மறைக்காதே. உன் அக்கா அழுதுகிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டா. தொண்டையில சதை வளர்ந்திருக்காமே. சாப்பிடும்போது வாயோரம் ஒழுகுமாமே. பாவம், அதான் நீ ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடுறேன்னு எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

சின்னவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கையை உருவிக்கொண்டு போய், உலர்த்தும் இயந்திரத்தின் மறைவில் கொஞ்ச நேரம் நின்றாள். பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஜோடி கிடைத்துவிட்டது. மாடிப்படியும் கிடைத்துவிட்டது. இனி ஆயுசு முழுக்க ஒழுகுவாய்க்காரியாக இருந்தால் போதும். ஆனால் இந்த மூன்று நாளாக எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பட்டாளத்தக்கா முந்தாநாள் அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்ததும் ஞாபகம் வந்தது. டப்பா அழுக்கு மூட்டையில் கிடந்தபோது வராத ஆத்திரம் இப்போது வந்தது.

ஒரு மணி அடித்தது. அவள் நேராகச் சாப்பாட்டு அறைக்குள் போனாள். பதினோரு தலையும் திரும்பின. "வா வா" என்று ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். சின்னவள் உட்காரவில்லை. மேசை நடுவில் இருந்த யாருடைய டப்பாவிலிருந்தோ ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, நின்றபடியே கடித்து, மென்று, எல்லோரும் பார்க்கப் பார்க்க விழுங்கினாள். வாயைத் திறந்தும் காட்டினாள்.

"பார்த்துக்கிட்டீங்களா? ஒழுகலை. எனக்கு ஒரு நோயும் கிடையாது. எங்க அக்கா சொன்னது பொய். எனக்குத் தனியா சாப்பிடப் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம்."

 அக்கா டப்பா மூடியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

பட்டாளத்தக்கா மெல்ல எழுந்தாள். "அப்போ நாங்கதான் நோயா?"

"உங்களைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னேனா அக்கா? என்னைப் பத்தித்தானே சொல்றேன்."

"நோயாளின்னு நெனச்சு மூணு நாளா உனக்குச் சேவகம் பண்ணினோம். எங்களை முட்டாளாக்கிட்டு இப்போ வந்து வாயைத் திறந்து காட்டுறியா? போ வெளியே."

"போறதுக்குத்தானே வந்தேன்" என்றாள் சின்னவள். 

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அக்கா நாலு அடி தள்ளி நின்றாள். பேருந்து வந்தது. ஏறப்போகும்போது திரும்பிச் சொன்னாள்: "ஒன்பது வருஷமா சம்பாதிச்ச பேரை ஒரு ரொட்டித் துண்டுல கெடுத்துட்டே. உன்னைக் காப்பாத்தத்தானேடி பொய் சொன்னேன்."

"என்னைக் காப்பாத்தலை அக்கா. வேற யாரோ ஒரு நோயாளியைக் காப்பாத்தினே."

அக்கா ஏறிப்போய்விட்டாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்கு வருகிறவள் அந்த வாரம் வரவில்லை.

ரொட்டித் துண்டைத் தின்று காட்டிய மறுநாளே சூப்பர்வைசர் சின்னவளை அழுக்குத்துணி பிரிக்கும் அறைக்கு மாற்றினார். "பிரச்சனை வேணாம் பாரு" என்றார், உபகாரம் செய்கிறவர்போல. அங்கே கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, மூட்டை மூட்டையாய் வரும் துணியை ரத்தம், மலம், மருந்து என்று கறைவாரியாகப் பிரிக்க வேண்டும். பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. தனியாக இருப்பவளுக்குத் தோதான இடம் என்று குண்டூசி சொல்லிச் சிரித்தாளாம். தோது ஒன்றும் இல்லை. சின்னவளுக்கு அந்த அறையைக் கண்டாலே வெறுப்பு. எதிரில் நின்று முனை பிடிக்கிறவளைச் சிரிக்கவைக்காமல் அவளுக்குப் பொழுதே போகவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு முறை குளித்தாலும் மூக்கில் அந்த வாடை நின்றது. இருந்தாலும் ஒரு மணி அடித்ததும் கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள்.

பத்து வாரம் கழித்து மடிக்கும் பக்கத்தில் இரண்டு பெண்கள் ஒரே சமயத்தில் வேலையை விட்டுப் போனார்கள். வார்டுகளிலிருந்து விரிப்பு கேட்டு ஓயாமல் போன் வந்தது. சூப்பர்வைசர் அழுக்கறை வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பக்கம் வந்துடு. அவங்ககூட உட்கார்ந்து சாப்பிடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எல்லாம் சரியாயிடும்."

"துணி மடிக்க வர்றேன் சார். சாப்பிட வர மாட்டேன்."

"என்னம்மா நீ... சரி, வந்து தொலை."

ஜோடியாய் நிற்க யாரும் முன்வரவில்லை. சூப்பர்வைசர் அக்காவைக் கைகாட்டினார். அக்கா எதிரில் வந்து நின்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் விரிப்பை அவள் உதறிய வேகத்தில் சின்னவள் கையிலிருந்த முனை பறந்தது.

"பிடிக்கத் தெரியாதா?"

"இந்த இழு இழுத்தா?"

"பத்து வாரம் அதுல கிடந்தும் புத்தி வரலை."

"வரலைதான்."

முனையோடு முனை சேர்க்கும்போது அக்காவின் கை பட்டது. அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஒரு மணிவரை இருவருக்கும் கை ஓயவில்லை. மணிக்கு நூற்றுக்கும் மேல் மடித்திருந்தார்கள்.

மணி அடித்தது. சின்னவள் டப்பாவை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறை வாசலைத் தாண்டும்போது உள்ளே குண்டூசி உரக்கக் கேட்டாள்: "ஏங்க்கா, உங்க தங்கச்சிக்கு இன்னைக்கு என்ன வியாதி?"

டப்பா மேசையில் ணங்கென்று விழுந்தது. "வியாதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவளுக்குத் தனியாத் தின்னப் பிடிக்கும், தின்னுறா. உன் டப்பாவைப் பாரு" என்றாள் அக்கா. அதில் பாசம் துளியும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

தனக்காகப் பேசினாளா, தன்னைத் தலைமுழுகினாளா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அங்கே நிற்கவும் இல்லை. பட்டாளத்தக்கா அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவளோடு பேசவில்லை. அது அவளை உறுத்தவில்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தியது நிறுத்தியதுதான்; அது உறுத்தியது. ஆனால் அன்று படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தபோது அவளுக்கு நல்ல பசி.