பின்னால் நின்று கைதட்டியவர்கள்

1

வாசகப் பெருமக்களே! இந்தக் கதை ஒரு பிரசங்கமாகப் பிறந்திருக்க வேண்டியது. அன்றாட வாழ்வில் ஆண்டவர் கற்பிக்கும் பாடம் என்று சபையின் மாத இதழுக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். பாடத்தை முதலிலேயே எழுதி முடித்துவிட்டேன். அதற்கேற்ற வாழ்வைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பேருந்தில் ஏறியதும் அதற்காகவே. மேடையில் முழங்கிப் பழகிய தொண்டை அல்லவா? முதல் வரி இப்படி வந்தது:

'ஆண்டவரை ஆலயத்துக்குள் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர்களே! அவர் உங்கள்…'

வேண்டாம். அந்தப் பேருந்தில் யார் இடுப்பிலும் சாவி இல்லை. ஓர் அம்மையாரின் மடியில் கேக் இருந்தது.

2

மூன்றடுக்குக் கேக். வெள்ளை அட்டைப்பெட்டி அவருடைய கண்வரை உயர்ந்து நின்றது. சொந்தக் கடை திறந்தபின் வந்த முதல் கல்யாண ஆர்டர் அது.

"என் வண்டி இன்னிக்குப் பார்த்துத்தானா படுக்கணும்? மோதிரம் மாத்துறதுக்குள்ள போய்ச் சேரணும். லேட்டானாலோ கேக் சாஞ்சாலோ அப்புறம் எவ எனக்கு ஆர்டர் குடுப்பா?"

"கவலைய விடுங்கக்கா. பிள்ளைத்தாச்சிய ஏத்திட்டுப் போற மாதிரி ஓட்டுறேன்" என்றான் ஓட்டுநர். அவன் என் மனைவியின் தம்பி.

(முதல் வரைவில் இவனை அகந்தைக்காரனாக எழுதினேன். விழுபவனுக்கு அகந்தை இருந்தால்தானே பாடம் எடுபடும்! ஆனால் மைத்துனன் அப்படிப்பட்டவன் அல்லன். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

நேற்றுவரை அவன் ஓட்டியது சிற்றுந்து. எந்தச் சந்திலும் புகுந்து புறப்படும். இன்று முதன்முறையாக நீளப் பேருந்து, நேரான பெருஞ்சாலை. மருந்துக்கடை முனை வந்தது. நேரே போக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். பழகிய கைக்குத் தெரியவில்லை, அது ஒடித்துவிட்டது. பேருந்து சந்துக்குள் புகுந்து நின்றது. இருபுறக் கண்ணாடிகளும் இரு சுவர்களோடு இரகசியம் பேசின.

"செத்தேன்!" என்றான்.

"நீ எப்படியோ போ, என் கேக் சாகக் கூடாது!" என்றார் அம்மையார்.

[பழைய பாவத்தின் பழக்கம் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. நல்ல பத்திதான்.]

நான் எழுந்தேன். "அன்பர்களே! மனிதகுலத்தின் வீழ்ச்சியே இந்தச் சந்து அல்லவா…"

"மாமா, பிரசங்கம் அப்புறம். எறங்கிப் பின்னாடி நில்லுங்க. ஆள் நிக்காம ரிவர்ஸ் எடுக்கக் கூடாது, அது ரூல். எனக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியாது."

4

இறங்கினேன். இடப்புறம் சுவரைப் பார்த்தால் வலப்புறம் சாக்கடை தப்பியது. ஒரு மனிதனின் இரண்டு கண்கள் போதவில்லை. ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கினார்கள். முகத்தில் பாதிச் சவர நுரையோடு ஒருவர் வீட்டிலிருந்து ஓடி வந்தார்.

"லெஃப்ட்ல ஒடி! உன் லெஃப்ட் இல்லய்யா, வண்டியோட லெஃப்ட்!"

"என் ரோசாச்செடிய நசுக்குன, அந்தத் தொட்டியில உன்ன நட்டுருவேன்!" என்று தொட்டிகளை நகர்த்தினார் ஒரு வீட்டுக்காரம்மா.

"வரலாம், வரலாம்!" என்று கைதட்டல். சிரிப்பு. பேருந்துக்குள் அம்மையார் மட்டும் கேக்கோடு. "மெதுவாப்பா! கல்யாணம் அவங்களுக்கு, நடுக்கம் எனக்கு!"

அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. வழி தவறியவனை மீட்க மேடை போதாது தோழர்களே, இருக்கையை விட்டு இறங்க வேண்டும்! நம் விசுவாசமே ஒருவர் இறங்கி வந்த செய்தி அல்லவா? ஏசுவதற்காகவா இறங்கினார்? நம் கண்ணுக்கு எட்டாத முதுகுப்புறத்தில் நின்று 'வா' என்று சொல்வதற்காக இறங்கினார்!

முன்பே எழுதிய பாடத்தைக் கிழித்தெறிந்தேன். (கிழிக்கவில்லை, மடித்துப் பையில் வைத்தேன். எழுதுகிறவனுக்கும் சிக்கனம் உண்டு.)

5

பேருந்து பெருஞ்சாலைக்குத் திரும்பி ஆலயத்தை அடைந்தபோது உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மோதிரம் இன்னும் மாற்றவில்லை. விருந்துக்கூடத்தின் படிகள் அம்மையாருக்குத் தெரியவில்லை, பெட்டி மறைத்தது. எங்கள் நிறுத்தம் அதுவல்ல என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. மொத்தப் பேருந்தும் இறங்கியது. பாதி நுரைக்காரரும் இறங்கினார். அவர் எப்போது ஏறினார் என்பதை நான் இன்றுவரை அறியேன்.

"வரலாம்க்கா! முன்னாடி படி! ரைட்ல தூண்… வரலாம், வரலாம்!"

பெட்டி மேசையில் இறங்கியது. அம்மையார் மூடியில் கை வைத்தார்.

முடிவு ஒன்று: கேக் நிமிர்ந்து நின்றது. முடிவு இரண்டு: மேலடுக்கு சாய்ந்திருந்தது, மணமகள் சிரித்துக்கொண்டே அந்தத் துண்டை முதலில் எடுத்தாள்.

இரண்டையும் படித்த என் மனைவி சொன்னாள்: "ரெண்டுலயும் கேக்கு உங்க பேச்சுக்குத்தாங்க தலையாட்டுது."

ஆகவே நான் முடிக்க மறுக்கிறேன். மூடியின் ஒரு முனை அம்மையாரின் கையில். மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். உள்ளே என்ன இருந்தாலும் தயங்க வேண்டாம். உங்களுக்குப் பின்னால் ஒரு பேருந்தே நிற்கிறது.

வரலாம், வரலாம்…